பயந்த பக்கம் எது? அமானுஷ்யத் திகில் தொடர்களுக்கு எதிர்வினை எழுதும் முறை

"செம திகில், ராத்திரி தூக்கமே வரல." "எங்கேயும் பயமே வரல, மொக்கை." அமானுஷ்யத் திகில் நாவல் தொடர்களுக்கு வரும் வாசக எதிர்வினைகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடுகின்றன. இரண்டிலும் பொய் இல்லை, பயனும் இல்லை. அந்த நாவலை எடுக்கலாமா என்று யோசிக்கிறவருக்கு உங்கள் தூக்கம் கெட்ட செய்தியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. எந்த மாதிரிக் காட்சி கெடுத்தது, எத்தனையாவது அத்தியாயத்தில் வந்தது, அதுவரை கதை என்ன செய்திருந்தது என்று தெரிந்தால்தான் தனக்கும் அப்படி நேருமா என்று அவரால் ஊகிக்க முடியும்.

தனி நாவல் என்றால் இவ்வளவு போதும். தொடரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐந்து பாகம் ஓடும் கதையில் பயம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. முதல் பாகத்தில் "அங்கே நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா?" என்பது பயம். மூன்றாம் பாகத்தில் "அது அடுத்து யாரை எடுத்துக்கொள்ளும்?" என்பது பயம். ஐந்தாவதில் "இவனே அதுவாக மாறிவிடுவானோ?" என்று வந்து நிற்கும். பயம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது, நகர்ந்த பிறகு வேலை செய்ததா என்பதைப் பிடிக்கிற எதிர்வினைதான் தொடருக்கு உருப்படியான எதிர்வினை.

வாசிக்கத் தொடங்கும் முன்பு

எந்தப் பாகம், எந்தப் பதிப்பு, எந்த வரிசை. இந்த மூன்றையும் குறிப்பின் முதல் வரியில் எழுதிவிடுங்கள். வரிசையைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். நான்காவதாக வெளிவந்த முன்கதையைச் சிலர் கதைக்காலப்படி முதலில் வாசிப்பார்கள். அந்த ஆவி எப்படி உண்டானது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். பிறகு முதல் பாகம் அதையே மறைத்து மறைத்துக் காட்டும்போது இழுவையாகத்தான் படும். வெளிவந்த வரிசையில் வாசிப்பதே திகில் தொடருக்குச் சரி. எதை எப்போது அவிழ்ப்பது என்று எழுதியவர் போட்ட கணக்கு அந்த வரிசையில்தான் இருக்கிறது. மாற்றி வாசித்திருந்தால் குற்றமில்லை, ஆனால் சொல்லிவிட வேண்டும்.

மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்க எண்ணும் மாறலாம். அதனால் அத்தியாய எண்ணையும் சதவீதத்தையும் குறியுங்கள்: "அத்தியாயம் 9, 41%". ஒலிநூல் என்றால் மணி, நிமிடத்தோடு கேட்ட வேகத்தையும் சேருங்கள். 1.5 மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் குரல் கொடுப்பவர் விடும் இடைவெளிகளும் அதே அளவுக்குச் சுருங்கும். கதவைத் திறப்பதற்கு முன் வரும் அந்த இடைவெளியில்தான் பல காட்சிகளின் உயிரே இருக்கும். அதைச் சுருக்கிவிட்டு "பயமே இல்லை" என்று எழுதுவது நியாயமாகாது. மொழிபெயர்ப்பை வாசித்தால் அதையும் குறிப்பிடுங்கள். நடை தட்டையாக இருந்தால் அது மூலத்தின் குறையா, மொழிபெயர்ப்பின் குறையா என்று வாசகர் யோசிக்க வழி வேண்டும்.

இரண்டு பாகங்களுக்கு நடுவில் வருஷக்கணக்கில் இடைவெளி விழுந்திருந்தால், புதியதைத் திறக்கும் முன் பழையதன் கடைசி மூன்று அத்தியாயங்களையாவது மறுபடி வாசியுங்கள். "முன்னால் சொன்னதற்கு முரணாக இருக்கிறது" என்று வரும் புகார்களில் பல, புரட்டிப் பார்த்தால், வாசகரின் மறதியாக முடியும்.

வாசிக்கும்போது ஓர் எழுத்து போதும்

பயந்த இடத்தில் நிறுத்தி, பேனாவை எடுத்து நாலு வரி எழுதுகிறவர்கள் உண்டு. அதுதான் காரியத்தைக் கெடுக்கும். திகில் சிறுகச் சிறுகச் சேர்வது. பத்துப் பக்கம் மெல்ல ஏற்றிக்கொண்டு வந்ததை நடுவில் நிறுத்தி அலச ஆரம்பித்தால் அது அங்கேயே இறங்கிவிடும். பிறகு உச்சக்காட்சி வரும்போது ஒன்றும் தோன்றாது, பழி நாவலின் மேல் விழும்.

அதனால் ஓரத்தில் பென்சிலால் ஓர் எழுத்து மட்டும். மின்னூல் என்றால் அந்த வரியை நிறமிட்டு ஓர் எழுத்தைத் தட்டினால் ஆயிற்று.

ப: பயம். வாசிக்கும் வேகம் தானாக மாறியது, அறையில் ஒரு சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தீர்கள், பக்கத்தைத் திருப்பத் தயங்கினீர்கள்.
அ: அருவருப்பு.
ம: மருட்சி. பயம் என்று சொல்ல முடியாது, ஆனால் வாய் பிளந்து நின்ற இடம்.
தொ: தொய்வு. கண் வரியில் ஓடியது, மனம் வேறெங்கோ போனது.
சி: சிரிக்கக் கூடாத இடத்தில் வந்த சிரிப்பு.
கே: "இது எப்படி முடியும்?" என்று தோன்றிய இடம்.

"ப" போடும்போது நேர்மை வேண்டும். "இங்கே பயப்பட வேண்டும் போலிருக்கிறது" என்று புரிவது வேறு, பயப்படுவது வேறு. உடம்பு ஏதாவது செய்திருந்தால் மட்டும் "ப". முந்நூறு பக்க நாவலில் பத்து "ப" விழுந்தாலே பெரிய காரியம். பக்கத்துக்குப் பக்கம் விழுந்தால் நீங்கள் நாவலுக்கு இரக்கம் காட்டுகிறீர்கள்.

அத்தியாயம் முடிந்ததும் இரண்டே வரி எழுதுங்கள். இப்போது எதை நினைத்துப் பயம்? யாருக்காகப் பயம்? இரண்டாவது கேள்விக்குத் தொடர்ந்து மூன்று அத்தியாயங்களாகப் பதில் இல்லை என்றால் தொய்வின் காரணம் அகப்பட்டுவிட்டது. யார் செத்தாலும் கவலையில்லை என்ற நிலைக்கு வாசகர் போன பிறகு எந்தப் பேயாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பாதி நாவலில் ஒரு முறை நிறுத்தி, முடிவு என்னவாக இருக்கும் என்று எழுதித் தனியே மடித்து வையுங்கள். இது தவறாமல் செய்ய வேண்டியது. முடிவு தெரிந்த பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்று எல்லோருக்கும் தோன்றும், மனம் அப்படித்தான் கணக்கை மாற்றி எழுதும். பாதியில் எழுதிய தாள் இருந்தால்தான் "ட்விஸ்ட் எளிதில் ஊகிக்கக்கூடியது" என்று சொல்ல உங்களுக்கு உரிமை.

எத்தனை அமர்வில் வாசித்தீர்கள், எந்த அத்தியாயத்தில் விட்டுவிட்டுத் தொடர்ந்தீர்கள் என்பதையும் ஓரமாகக் குறியுங்கள். "தொ" விழுந்த இடமும் நீங்கள் விட்டுத் தொடர்ந்த இடமும் ஒன்றாக இருந்தால் அந்தத் தொய்வு நாவலுடையதாக இல்லாமல் போகலாம். இருபது நிமிடப் பயணத்தில் துண்டுதுண்டாக வாசித்த நாவலைப் பற்றி எழுதலாம், ஆனால் அதன் ஏற்ற இறக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

முடித்த அன்றே எழுதி முடிக்காதீர்கள். ஒரு இரவு போகட்டும். மறுநாள் குறிப்புகளைப் பார்க்காமல் நினைவுக்கு வரும் மூன்று காட்சிகளை எழுதி, பிறகு "ப" விழுந்த இடங்களோடு ஒப்பிடுங்கள். வாசித்தபோது தூக்கிவாரிப் போட்டது மறுநாள் சுத்தமாக மறந்திருக்கும். அப்போது ஒன்றும் செய்யாத ஒரு சின்ன விவரம், பூட்டிய வீட்டுக்குள் யாரோ துணி மடித்து வைத்திருந்தார்கள் என்பது போல, மறுநாள் குளிக்கும்போது வந்து நிற்கும். இந்த இரண்டாவது வகையைப் பிடித்துச் சொல்கிற எதிர்வினை அபூர்வம்.

எந்த வகை என்று பிரித்துச் சொல்லுங்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. திகில் நாவலுக்கு அதில் மூன்று நேரடியாகப் பயன்படும்: அச்சம், இளிவரல், மருட்கை. மேலே சொன்ன ப, அ, ம மூன்றும் அந்த வரிசைதான். அச்சம் பிறக்கும் இடங்களையும் அது நான்காக எண்ணுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வம்-பேய், மிருகம், தீங்கு செய்யும் மனிதர், நம்மைத் தண்டிக்க அதிகாரம் உள்ளவர் என்று எடுத்துக்கொண்டால், இன்றைய திகில் தொடரை அளக்க இதைவிட வசதியான கோல் கிடையாது.

ஒவ்வொரு "ப"வின் பக்கத்திலும் நான்கில் எது என்று குறித்துப் பாருங்கள். அமானுஷ்யத் தொடர் என்று விற்கப்படும் நாவலில் நீங்கள் உண்மையில் பயந்த இடங்களெல்லாம் மனிதர் வரும் இடங்களாக இருக்கலாம்: ஆவியை வைத்துப் பிழைக்கிறவர், ரகசியச் சபையின் தலைவர், பிள்ளையை அறைக்குள் பூட்டும் தகப்பன். அது குறையாகாது. ஆனால் பேய்க்காக எடுக்கிற வாசகருக்குச் சொல்ல வேண்டிய தகவல் அது: "இரண்டாம் பாகத்திலிருந்து பயம் அணங்கிடமிருந்து மனிதரிடம் போய்விடுகிறது."

இன்னொரு பிரிவினையும் கையில் இருக்கட்டும். பழைய ஆங்கிலத் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் எழுதி, அவர் இறந்த பிறகு 1826-ல் வெளிவந்த கட்டுரை ஒன்று, வரப்போவதை நினைத்து நடுங்குவதையும், வந்துவிட்டதைக் கண்டு உறைவதையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. முன்னது புலன்களை விழிக்க வைக்கிறது, பின்னது முடக்கிவிடுகிறது என்பது அவர் கணிப்பு. கதவுக்கு வெளியே நிற்பதை நினைத்துப் பயந்தீர்களா, கதவு திறந்த பிறகு கண்டதற்குப் பயந்தீர்களா? "கதவு திறக்கும் வரை பிரமாதம், திறந்ததும் புஸ்" என்ற புகார் இந்தத் துறையில் அடிக்கடி வருவது. எழுதியவருக்கும் வாசகருக்கும் அது "பயமில்லை"யைவிடப் பத்து மடங்கு உதவும்.

"முதல் பாகம் மாதிரி இல்லை"

எந்தத் திகில் தொடரின் இரண்டாம் பாகத்துக்கும் இந்த வரி வரும். இதை எழுதும் முன் கொஞ்சம் நிதானியுங்கள், ஏனென்றால் இதில் பாதி தவிர்க்க முடியாதது. இலக்கியக் கோட்பாட்டாளர் தொதோரோவ் 1970-ல் வெளியிட்ட ஆய்வில் இவ்வகைக் கதையின் மையமே வாசகரின் தயக்கம் என்றார். நடப்பதற்கு இயல்பான விளக்கம் உண்டா, இல்லை நிஜமாகவே இயற்கையை மீறியதா என்று முடிவெடுக்க முடியாத நிலை அது. ஏதாவதொரு பக்கம் முடிவாகிவிட்டால் கதை வேறு வகைக்குப் போய்விடுகிறது.

தொடரில் அந்தத் தயக்கம் அநேகமாக முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தோடு தீர்ந்துவிடும். பேய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இரண்டாம் பாகத்தில் அதே தயக்கத்தை எப்படிக் கொண்டுவருவது? கொண்டுவர முயன்றால் இன்னும் மோசம். முதல் பாகத்தில் எல்லாவற்றையும் கண்ணால் கண்ட பாத்திரமே "இது என் பிரமையாக இருக்கும்" என்று சொல்லும், வாசகர் புத்தகத்தை மூடுவார்.

ஆகவே கேட்க வேண்டியது இது: போன தயக்கத்தின் இடத்தில் எழுதியவர் எதை வைத்தார்? சிலர் விலையை வைப்பார்கள். பேயை விரட்ட முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் விரட்டுபவர் எதையோ இழப்பார். சிலர் பாத்திரத்தின் சிதைவை வைப்பார்கள். சிலர் ஒன்றும் வைக்காமல் பேயின் அளவை மட்டும் பெருக்குவார்கள். முதல் பாகத்தில் ஒரு வீடு, இரண்டாவதில் ஓர் ஊர், மூன்றாவதில் உலக அழிவு. இப்படிப் பெருத்துக்கொண்டே போகும் தொடர் ஒரு கட்டத்தில் திகிலை விட்டுவிட்டு வீரசாகசமாகிவிடும். கையில் ஆயுதமும் மந்திரமும் பயிற்சியும் உள்ளவருக்காக வாசகர் பயப்படுவது கடினம். அந்தத் திருப்பம் எந்தப் பாகத்தின் எந்த அத்தியாயத்தில் நிகழ்ந்தது என்று சுட்டுங்கள். உங்கள் எதிர்வினையில் மற்றவர்கள் எடுத்துச் சொல்லப்போகும் வரி அநேகமாக அதுதான்.

பயம் தேய வேறு காரணங்களும் உண்டு. அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதவு தட்டும் ஓசையோடு முடித்தால் மூன்றாவது தட்டலுக்குப் பிறகு பழகிவிடும். நான்காம் பாகத்தின் பின்னட்டையிலேயே கதாநாயகி பெயர் இருந்தால் மூன்றாம் பாகத்தில் அவள் சாகமாட்டாள் என்று தெரிந்துபோகும். "பயங்கரமான", "விவரிக்க முடியாத" போன்ற அடைமொழிகளும் முப்புள்ளிகளும் காட்சியின் வேலையைச் செய்ய வந்தால் காட்சியில் ஒன்றும் இல்லை என்று பொருள். அப்படியொரு பத்தியில் அடைமொழிகளை அடித்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பயம் கூடினால் குற்றம் நடையில், மறைந்தால் குற்றம் காட்சியில்.

விதிகளுக்கு ஒரு தாள்

தொடர் வாசகர்களின் சண்டைகளில் பெரும்பகுதி இதில்தான் வரும்: பேய் தன் விதியை மீறியதா இல்லையா. தீர்க்க ஒரே வழி, பாகத்துக்கு ஒரு தாள் வைத்து விதிகளை எழுதிக்கொண்டு போவது. ஐந்து பத்தி போதும்: அதனால் என்ன முடியும், என்ன முடியாது, எப்போது, என்ன விலைக்கு, இதைச் சொன்னது யார். ஒவ்வொன்றுக்கும் அத்தியாய எண்.

கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் உள்ளே வரும்" என்று முதல் பாகத்தில் ஒரு கிழவர் சொல்கிறார் என்று வையுங்கள். இரண்டாம் பாகத்தில் யாரும் கூப்பிடாமலே வந்துவிடுகிறது. "ஓட்டை!" என்று எழுதுவதற்கு முன் தாளைப் பாருங்கள். அது கதைசொல்லி சொன்ன விதியா, ஒரு பாத்திரத்தின் நம்பிக்கையா? கிழவருக்குத் தவறாகத் தெரிந்திருக்கலாம், பொய்யும் சொல்லியிருக்கலாம். கதைசொல்லியே கண்ணெதிரில் காட்டிய விதியாக இருந்தால்தான் முரண் என்ற பேச்சுக்கே இடம்.

முரணா, புதிய வெளிப்பாடா என்று பிரிக்க ஒரு சோதனை. புதிய தகவலை மனதில் வைத்துக்கொண்டு பழைய காட்சியைத் திரும்ப வாசியுங்கள். "அடடா, அதனால்தான் அன்றைக்கு அப்படித் தயங்கியதா" என்று பழைய காட்சி கனம் கூடினால் அது வெளிப்பாடு, முன்பே திட்டமிட்டது. பழைய காட்சியை மறந்தால்தான் புதியது பொருந்தும் என்றால் அது முரண். எதிர்வினையில் இரண்டு இடங்களையும் அத்தியாய எண்ணோடு தந்துவிடுங்கள். எண் இல்லாத முரண் புகாரை யாரும் சரிபார்க்க முடியாது, எழுதாமல் விடுவது மேல்.

இன்னொன்றும் கவனித்துச் சொல்லுங்கள்: விளக்கத்தின் அளவு. சில தொடர்கள் மூன்றாம் பாகத்தில் பேயின் பிறப்பு, குலம், நோக்கம் எல்லாவற்றையும் இருபது பக்கம் ஒரு பாத்திரத்தின் வாயால் கொட்டிவிடும். வாசகர்களில் ஒரு சாரார் இதைத்தான் கேட்பார்கள், இன்னொரு சாரார் இதோடு தொடரையே விடுவார்கள். நீங்கள் எந்தக் கட்சி என்பதைச் சொல்லிவிட்டுக் கருத்தைச் சொன்னால் வாசிக்கிறவர் தள்ளுபடி போட்டுக்கொள்வார்.

இருண்மையும் எச்சரிக்கையும்

இருண்ட கதை என்று தெரிந்தே எடுத்துவிட்டு "நல்லவர் ஒருவர்கூட இல்லை, முடிவில் ஆறுதல் இல்லை" என்று எழுதுவது பொருந்தாத புகார். தேவையில்லாத கொடூரம் என்ற புகார் அப்படியில்லை, அதைச் சோதித்துச் சொல்லலாம். அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் பின்னால் என்ன மாறுகிறது? யாருடைய முடிவாவது, உறவாவது, பேயின் விதியாவது மாறினால் காட்சிக்கு வேலை இருக்கிறது. அதிர்ச்சி மட்டும் குறைந்து மற்றதெல்லாம் அப்படியே நின்றால் வேலை இல்லை. ஒவ்வொரு பாகத்திலும் அடிபடுவது ஒரே வகை ஆட்களா, உதாரணமாகக் கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காகவே பெண்கள் சாகிறார்களா என்பதும் தொடர் முழுக்க வாசித்தவரால் மட்டுமே சொல்ல முடிந்த விஷயம்.

எச்சரிக்கைகளைத் தனிப் பத்தியாக, விரும்பாதவர் தாண்டிப்போகும்படி வையுங்கள். "மென்மையான மனம் உள்ளவர்கள் தவிர்க்கவும்" என்பதால் யாருக்கும் பயனில்லை. மூன்று தகவல் வேண்டும்: என்ன, எவ்வளவு வெளிப்படையாக, எவ்வளவு நீளம். "குழந்தை மரணம்: நேரடியாகக் காட்டப்படுகிறது, ஓர் அத்தியாயம். பாலியல் வன்முறை: பேச்சில் மட்டும், சில வரிகள். தற்கொலை: முறை விவரிக்கப்படவில்லை. வளர்ப்பு விலங்கு சாகிறது: அரைப் பக்கம்." யார், எங்கே என்று சொல்லாதவரை கதை கெடாது. கதை கெடுமோ என்று எச்சரிக்கையையே விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. அப்படியொரு இழப்பை நேரில் கண்டவருக்கு அந்த ஓர் அத்தியாயம் ஒரு வாரத்தைக் கெடுத்துவிடும்.

ஸ்பாய்லர் தொடரில் எப்படியெல்லாம் நுழையும்

ஸ்பாய்லர் என்பது கதையை முன்கூட்டியே உடைத்துவிடும் தகவல். தனி நாவலுக்குள்ள பழக்கமான அளவுகோல், பின்னட்டையிலும் முதல் பத்து சதவீதத்திலும் இருப்பதைத் தாராளமாகச் சொல்லலாம் என்பது. தொடரில் இது பற்றாது. மூன்றாம் பாகத்தின் பின்னட்டையே முதல் பாகத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறது. எனவே தலைப்புக்குக் கீழே முதல் வரியாக எழுதுங்கள்: "முதல் இரண்டு பாகங்களை வாசித்தவர்களுக்கு."

பிறகு, தெரியாமல் நுழைபவற்றைப் பாருங்கள். பாத்திரத்தின் பெயரைச் சொல்வதே அவர் பிழைத்ததைச் சொல்வது. "நான்காம் பாகத்தில் தம்பி பாத்திரம் அற்புதம்" என்றால் மூன்றாம் பாக உச்சக்காட்சியில் தம்பிக்காகப் பதற ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். "கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது, சொல்லமாட்டேன்" என்பதும் சொன்னதுதான். இனி வாசிப்பவர் ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகித்துக்கொண்டே வருவார். "யாரையும் நம்பாதீர்கள்" அதைவிட மோசம். திகிலில் இது மர்மக்கதையைவிடக் கடுமையாகப் பாதிக்கும். மர்மக்கதையில் விடை தெரிந்தாலும் துப்பறியும் வழியை ரசிக்கலாம். பூட்டிய அறைக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் அந்த அறைக்குப் போகும் நாற்பது பக்கமும் வீண்.

காரணத்தை மறைத்து விளைவைச் சொல்வது நல்ல உத்தி. "அம்மாதான் அதை அழைத்தாள் என்று தெரிந்ததும்" என்பதற்குப் பதில் "பதினோராம் அத்தியாயத்துக்குப் பிறகு வீட்டுக்குள் யார் பேசினாலும் வேறு மாதிரி கேட்டது" என்று எழுதலாம். வாசித்தவருக்குப் புரியும், வாசிக்காதவருக்கு ஆவல் வரும். உடைத்துப் பேசியே ஆக வேண்டியதை இரண்டாம் பகுதியாகப் பிரித்து, நடுவில் எச்சரிக்கை வரியும் போதுமான இடைவெளியும் விடுங்கள். தலைப்பிலும் படத்திலும் ஒன்றும் கசியக் கூடாது, அவற்றை யாராலும் தாண்டிப் போக முடியாது.

எழுதி முடித்தல்

நானூறிலிருந்து அறுநூறு சொல் போதும். கதைச்சுருக்கத்துக்கு ஐந்து வரிக்கு மேல் கொடுக்காதீர்கள், பின்னட்டை அந்த வேலையைச் செய்துவிட்டது. அடுத்து உங்கள் சாய்வு ஒரு வரி: "ரத்தம் தெறிப்பது எனக்குப் பயம் தராது, காலியான வீடு தரும்." அதன் பிறகு நீங்கள் எழுதும் எல்லாவற்றையும் வாசகர் அந்த வரியை வைத்து எடைபோடுவார். பிறகு மிக வலுவான "ப" ஒன்று, மிக மோசமான "தொ" ஒன்று, இரண்டுக்கும் காரணத்தோடு. மற்ற குறிப்புகள் கையில் இருந்தாலும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை.

ஒரே கருத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டினால் வித்தியாசம் தெரியும். முதல் விதம்: "நடுப்பகுதி போர், முடிவு சூப்பர், பயந்தே போயிட்டேன்." இரண்டாவது: "6 முதல் 10 வரையான அத்தியாயங்களில் வீட்டைவிட்டு எல்லோரும் வெளியே இருக்கிறார்கள். பேய் வீட்டுக்குள்தான் வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரிவதால் அந்த ஐந்து அத்தியாயங்களில் யாருக்கும் ஆபத்தில்லை. 14-ல் அந்த எல்லை உடைகிறது. உடைந்த விதத்துக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே குறிப்பு இருந்தது." சொற்கள் கூடுதல்தான். ஆனால் சும்மா நிற்கும் சொல் ஒன்றுகூட இல்லை.

நட்சத்திரம் கொடுக்கும் இடத்தில் பயத்தை மட்டும் வைத்து மதிப்பிடாதீர்கள். துளிகூடப் பயமுறுத்தாமல் நன்றாக எழுதப்பட்ட நாவலும் உண்டு, தூங்கவிடாத குப்பையும் உண்டு. இரண்டையும் தனித்தனி வரியில் சொல்லிவிட்டுப் பிறகு எண்ணைப் போடுங்கள். முழுத் தொடருக்குச் சராசரி போடுவது அபத்தம். ஐந்தும் ஒன்றும் சேர்ந்து மூன்று ஆவதால் யாருக்கு என்ன தெரியும்? அதைவிட, எங்கே நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். "இரண்டாம் பாகத்தின் முடிவு முழுமையாக இருக்கிறது, அதோடு நிறுத்தினாலும் ஏமாற்றம் இல்லை" என்பது நேரமும் பணமும் மிச்சப்படுத்தும் வரி. க்ளிஃப்ஹேங்கரில், அதாவது அந்தரத்தில் தொங்கவிட்டு, முடிகிறதா, அடுத்த பாகம் வெளிவந்துவிட்டதா என்பதையும் சேருங்கள்.

பாதியில் விட்டிருந்தால் விட்ட அத்தியாயத்தைச் சொல்லுங்கள், முடிவைப் பற்றி வாய் திறக்காதீர்கள். பாதியில் விட்டவரின் எதிர்வினைக்கும் மதிப்பு உண்டு. எங்கே ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று முடித்தவர்களால் சொல்ல முடியாது.

குழுவாக வாசிப்பவர்கள் கூடிப் பேசும் முன் ஆளுக்கொரு தாளில் தங்கள் "ப" விழுந்த அத்தியாயங்களை எழுதிவிட வேண்டும். முதலில் பேசுகிறவர் "எனக்குச் சிரிப்புதான் வந்தது" என்றால் அடுத்தவர்கள் பயந்ததை மறைத்துவிடுவார்கள். தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்து, ஒரே அத்தியாயத்தில் பலருக்கு விழுந்திருந்தால் அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். வெளியாகும் முன் எழுதியவருக்காக வாசித்துக் கொடுப்பவர்களுக்கும் இதே முறை. இடத்தையும் உணர்ந்ததையும் குறித்துக் கொடுங்கள். "அந்தப் பேயைக் கிணற்றில் வைத்திருக்கலாம்" என்று கதையை மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் தவிர.

அடுத்த பாகம் வந்து உங்கள் பழைய கருத்து தப்பாகிப் போகும். முரண் என்று எழுதியது வெளிப்பாடாக மாறியிருக்கும். பழைய பத்தியை அழிக்காமல் அதன் கீழே தேதியிட்டு, "மூன்றாம் பாகத்துக்குப் பிறகு" என்று தலைப்பிட்டுப் புதியதைச் சேருங்கள். இரண்டாம் பாகத்தை இப்போதுதான் முடித்து அதே இடத்தில் குழம்பி நிற்கும் ஒருவருக்கு மேலே உள்ள பழைய பத்தி வேண்டியிருக்கும், கீழே உள்ளது இன்னும் வேண்டாம்.